வழியும் மொழியும்: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் வலையமைப்பு லேசர் அச்சுப்பொறி

லேசர் அச்சுப்பொறியைக் கணினியின் துணைக்கருவி என்று அழைப்பது வழக்கமாகிவிட்டாலும், தனக்கென நுண்செயலியும் நினைவகமும் வலையமைப்பு முகவரியும் கொண்டு, பிற கணினிகள் அனுப்பும் கட்டளைகளைப் படித்துப் பொருள்கொண்டு நிறைவேற்றும் அக்கருவி உண்மையில் தன்னளவில் ஒரு கணினியே ஆகும். ஆகவே ஒரு கணினியிலிருந்து அச்சிடுவது என்பது, இரண்டு கணினிகள் ஒன்றையொன்று கண்டறிந்து, இரண்டுக்கும் தெரிந்த ஒரு மொழியில் ஒரு பக்கத்தின் வடிவத்தைப் பரிமாறிக்கொள்வதே. விண்டோஸ், மேக் போன்ற பெரும்பான்மை இயங்குதளங்களில் இந்தப் பரிமாற்றம் முழுவதையும் உற்பத்தி நிறுவனம் தரும் டிரைவர், அதாவது குறிப்பிட்ட கருவியை இயக்குவதற்கென எழுதப்பட்ட இயக்கி நிரல், திரைக்குப் பின்னால் முடித்துவிடுவதால், அங்கே நடப்பது என்ன என்பது பயனருக்குத் தெரியவருவதில்லை.

சிறுபான்மையினர் பயன்படுத்தும் ஓர் இயங்குதளத்தில் அதே அச்சுப்பொறியை அமைக்கும்போது நிலைமை வேறு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் மரபிலிருந்து 1993இல் உருவான ஃப்ரீபிஎஸ்டி, சேவையகக் கணினிகளில் மதிப்புடன் நிலைபெற்றிருந்தாலும், மேசைக் கணினிகளில் அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்பதால், அதற்கென்று டிரைவர் எழுதித் தரும் அச்சுப்பொறி நிறுவனத்தைக் காண்பது அரிது. இருந்தும் ஃப்ரீபிஎஸ்டி பயனர்கள் பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி அச்சிட்டு வருகின்றனர். இது எப்படி இயலுகிறது என்ற கேள்விக்கான விடையைத் தேடினால், அது இரண்டு துணைக் கேள்விகளாகப் பிரியும்: பக்கத்தின் விவரம் எந்த வழியாக அச்சுப்பொறியைச் சென்றடைகிறது, அது எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது? வழியும் மொழியும் எவரும் படித்துப் பின்பற்றும்படி பொதுவில் வெளியிடப்பட்டிருந்தால், எந்த இயங்குதளமும் எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திராமல் அச்சிடலாம் என்பதே இந்த அத்தியாயம் நிறுவ முற்படும் கருத்து.

நடுவில் நிற்க முடியாத உருளை

மொழி ஏன் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, லேசர் அச்சு நிகழும் முறையைச் சற்று அறிவது நல்லது. அச்சுப்பொறியின் உள்ளே, ஒளி பட்டால் மின்னூட்டத்தை இழக்கும் பொருள் பூசப்பட்ட ஓர் உருளை சுழல்கிறது. டிரம் எனப்படும் இந்த உருளையின் மேற்பரப்பு முழுவதும் முதலில் இருட்டில் சீராக மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. பின்னர் லேசர் கதிர் வரிவரியாக அதன் குறுக்கே ஓடி, கறுப்பாக வரவேண்டிய இடங்களில் மட்டும் மின்னூட்டத்தை நீக்குகிறது. அந்த இடங்களில் டோனர் என்ற நுண்தூள் ஒட்டிக்கொண்டு, அதற்கு எதிரான மின்னூட்டத்தின் ஈர்ப்பால் தாளுக்கு மாறி, சூடான உருளைகளுக்கிடையே அழுத்தப்பட்டு உருகிப் படிகிறது. இந்தச் செயல் தொடங்கியபின், பக்கத்தின் நடுவில் நிறுத்தி, அடுத்த வரிக்கான விவரம் வரட்டும் என்று காத்திருக்க வழியில்லை. மைப்பீச்சு அச்சுப்பொறி ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருக்கலாம். சீரான வேகத்தில் சுழலும் உருளைக்கோ, லேசர் கேட்கும் கணத்தில் ஒவ்வொரு புள்ளியின் விவரமும் தயாராக இருந்தாக வேண்டும்.

அந்த விவரத்தின் அளவும் சிறிதன்று. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற செறிவில் ஒரு ஏ4 தாளில் சுமார் 3.5 கோடிப் புள்ளிகள் அடங்குகின்றன; கறுப்பா வெள்ளையா என்பதை மட்டும் குறிக்க, புள்ளிக்கு 1 பிட் என்று கொண்டாலும், ஒரு பக்கத்துக்கு 4 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் வேண்டும். நினைவகம் விலையுயர்ந்த பொருளாக இருந்த 1980களில், இந்தத் தேவையை இரண்டு நிறுவனங்கள் இரு வேறு விதங்களில் எதிர்கொண்டன. 1984இல் எச்பி நிறுவனம் வெளியிட்ட லேசர்ஜெட், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அச்சிடக்கூடியதாக இருந்தும், 128 கிலோபைட் நினைவகத்தையே கொண்டிருந்ததால், ஒரு முழுப் பக்கப் படத்தை அந்தச் செறிவில் அதனால் தாங்க முடியவில்லை. ஆகவே எந்த எழுத்து எந்த இடத்தில் வரவேண்டும் என்ற சுருக்கமான கட்டளைகளைப் பெற்று, தன்னுள் இருந்த எழுத்துருக்களைக் கொண்டு பக்கத்தை நிரப்பியது. அந்தக் கட்டளைத் தொகுதியே பிசிஎல் எனப்படுகிறது.

மறுபுறம், ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982இல் நிறுவிய அடோபி, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியை உருவாக்கியது. கோடுகளையும் வளைவுகளையும் கணிதச் சமன்பாடுகளாக விவரிக்கும் இம்மொழி, நிபந்தனைகளும் சுழற்சிகளும் கொண்ட முழுமையான நிரல்மொழியாகவும் இருப்பதால், போஸ்ட்ஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ஒவ்வோர் ஆவணமும் அச்சுப்பொறியால் இயக்கப்படும் ஒரு நிரலாகும். அதை இயக்குவதற்காகவே 1985இல் வெளிவந்த ஆப்பிள் லேசர்ரைட்டரில் 12 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலியும் 1.5 மெகாபைட் நினைவகமும் வைக்கப்பட்டன. அதனுடன் இணைக்கப்பட்ட அக்கால மேக்கின்டாஷ் கணினியைவிட அந்த அச்சுப்பொறியே வலிமை மிக்கதாக இருந்தது. லேசர்ஜெட்டுக்கும் லேசர்ரைட்டருக்கும் உள்ளிருந்த அச்சு இயந்திரம் கேனன் நிறுவனத்தின் ஒரே மாதிரியாக இருந்தும், முன்னதன் விலை 3,495 டாலராகவும் பின்னதன் விலை 6,995 டாலராகவும் இருந்ததற்கு, மொழியைப் புரிந்துகொள்ளத் தேவைப்பட்ட இந்தக் கூடுதல் கணிப்புத் திறன் ஒரு முக்கியக் காரணமாகும்.

அந்தச் செலவைக் குறைக்கும் முயற்சியிலிருந்தே மூன்றாவது வகை தோன்றியது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கணினியிடமே விட்டுவிட்டு, முடிந்த புள்ளிகளை மட்டும் பெற்று அச்சிடும் மலிவான அச்சுப்பொறிகள் அவை. புள்ளிகளைக் கணினி தயாரிப்பதில் பிழையேதும் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிகளைப் பொதிந்து அனுப்பும் வடிவத்தைப் பல நிறுவனங்கள் வெளியிடாமல், அதை அறிந்த டிரைவரைப் பெரும்பான்மை இயங்குதளங்களுக்கு மட்டும் தந்தன. ஃப்ரீபிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் அச்சுப்பொறி இயங்கவில்லை என்று எழும் முறையீடுகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேயே இருக்கிறது.

மூன்று வழிகள்

மொழி எதுவாக இருப்பினும், அது சென்றடைய ஒரு வழி வேண்டும். வலையமைப்பில் உள்ள ஒரு கருவிக்கு முகவரி ஒன்றே எனினும், அது தரும் வெவ்வேறு சேவைகள் போர்ட் எனப்படும் எண்களால் வேறுபடுத்தப்படுகின்றன. அச்சிடுதலுக்கு அவற்றுள் மூன்று எண்கள் முதன்மையானவை.

முதலாவது 9100. எச்பி நிறுவனத்தின் ஜெட்டைரக்ட் வலையமைப்பு அட்டைகளால் பரவி, இன்று பெரும்பாலான நிறுவனங்களின் அச்சுப்பொறிகளில் காணப்படும் இவ்வழியில் சடங்குகள் ஏதுமில்லை: இணைப்பை ஏற்படுத்தி, பைட்டுகளை அனுப்பி, இணைப்பை மூடினால் போதும். எளிமையே இதன் பலம். யார் அனுப்பினார்கள், வேலையின் பெயர் என்ன என்பவற்றைச் சொல்ல இதில் இடமில்லாததே இதன் குறை.

இரண்டாவது 515. பெர்க்லி யூனிக்ஸில் பிறந்த எல்பிடி என்ற நெறிமுறை, அதாவது இரு கணினிகள் உரையாடும்போது பின்பற்றும் விதித்தொகுதி, இவ்வழியில் இயங்குகிறது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இதன் நடைமுறை, 1990 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாக எழுதி வெளியிடப்பட்டது. ஒவ்வொரு வேலையும் இரண்டு கோப்புகளாக அனுப்பப்படுகிறது: அனுப்பிய கணினி, பயனர், வேலையின் பெயர் ஆகியவற்றைக் கூறும் கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்று, அச்சிடப்பட வேண்டிய தரவுக் கோப்பு மற்றொன்று. அனுப்பும் கணினி தன் பக்கத்தில் 721 முதல் 731 வரையிலான போர்ட்டுகளில் ஒன்றையே பயன்படுத்த வேண்டும் என்று அந்த ஆவணம் விதித்தது. யூனிக்ஸில் 1024க்குக் கீழான போர்ட்டுகளை நிர்வாகி உரிமை கொண்ட நிரல்களே திறக்க முடியும் என்பதால், அந்த எண்ணிலிருந்து வரும் வேலை நம்பத்தக்கது என்ற எண்ணம் இவ்விதியின் அடிப்படை. ஆனால் மூடப்பட்ட ஒரு போர்ட் மறுபடி பயன்பாட்டுக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கும். மொத்தம் 11 போர்ட்டுகளே இருந்ததால், சிறிய வேலைகளை அடுத்தடுத்து விரைவாக அனுப்பிய கணினிகள் காரணம் புரியாமல் தடைபட்டு நின்றன. எனவே பின்வந்த மென்பொருள்கள் பல இவ்விதியைத் தளர்த்திக்கொண்டன.

மூன்றாவது 631. 1999இல் முதல் வடிவம் வெளியான ஐபிபி நெறிமுறை, இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது. முந்தைய இரண்டு வழிகளிலிருந்தும் இதை வேறுபடுத்துவது, அச்சுப்பொறி தன்னைப் பற்றித் தானே விடை சொல்லும் திறன்: எந்தெந்த மொழிகள் தெரியும், எந்த அளவுத் தாள் இருக்கிறது, இருபுறமும் அச்சிட இயலுமா, டோனர் தீர்ந்துவிட்டதா என்று கணினி கேட்டறிந்த பிறகே வேலையை அனுப்பலாம்.

ஃப்ரீபிஎஸ்டியில் அமைக்கும் முறை

ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிறுவலிலேயே எல்பிடி இடம்பெறுவதால், எளிய வலையமைப்பு அச்சுப்பொறிக்குக் கூடுதல் மென்பொருள் எதுவும் தேவையில்லை. முதல் வேலை, அச்சுப்பொறியின் முகவரி மாறாதபடி செய்வது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் ரவுட்டர், கருவிகளுக்கு முகவரிகளைத் தற்காலிகமாகவே வழங்குகிறது. மின்தடைக்குப் பிறகு அச்சுப்பொறி வேறொரு முகவரியைப் பெற்றுவிட்டால், கணினி பழைய இடத்தையே தேடிக்கொண்டிருக்கும். எனவே அச்சுப்பொறிக்கென ஒரு முகவரியை ரவுட்டரில் ஒதுக்கிவைத்து, அதற்கு ஒரு பெயரையும் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பதிந்துகொள்வது முறை.

இரண்டாவது வேலை, அமைப்புக் கோப்புகளைத் தொடுவதற்கு முன்பே வழியைச் சோதிப்பது. பிங் கட்டளையால் அச்சுப்பொறி விடையளிக்கிறதா என்று பார்த்தபின், என்சி என்ற சிறு கருவியைக் கொண்டு 9100 போர்ட்டுக்கு இரண்டு வரி உரையை நேரடியாக அனுப்பலாம். இந்தச் சோதனையில் அச்சுப்பொறியின் விளக்கு மட்டும் சிமிட்டி, தாள் வெளிவராமல் இருப்பதுண்டு. லேசர் அச்சுப்பொறி பக்கம் முழுமையடையும் வரை காத்திருக்கும் என்பது முன்பே விளக்கப்பட்டது; இரண்டு வரிகளால் பக்கம் நிரம்பாததால், பக்கம் முடிந்தது என்று அறிவிக்கும் 12 என்ற குறியீட்டு எழுத்தையும் இறுதியில் சேர்த்து அனுப்பினால் தாள் வெளிவரும்.

வழி உறுதியானதும், எட்சி அடைவில் உள்ள பிரிண்ட்கேப் கோப்பில் அச்சுப்பொறிக்கு ஒரு பதிவு எழுதப்படுகிறது. 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டியில் அறிமுகமான இக்கோப்பின் அமைப்பு, அன்றிலிருந்து பெரிதும் மாறாமல், முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஈரெழுத்துப் பெயர்களாகவே இருக்கிறது. எல்பி என்ற புலம் அச்சுப்பொறி இருக்கும் இடத்தைச் சொல்கிறது. இங்கே 9100 என்ற எண்ணையும், அட் குறியையும், அச்சுப்பொறியின் பெயரையும் சேர்த்து எழுதினால், ஃப்ரீபிஎஸ்டி அந்தப் போர்ட்டுக்கு நேராக இணைப்பை ஏற்படுத்தும். எஸ்டி என்ற புலம், அச்சிடக் காத்திருக்கும் வேலைகள் வரிசையாகச் சேமிக்கப்படும் ஸ்பூல் அடைவைக் குறிக்கிறது. எல்எஃப் என்பது பிழைகள் பதியப்படும் கோப்பு. எஸ்ஹெச் என்பது, பல பயனர்கள் ஒரே அச்சுப்பொறியைப் பகிர்ந்த காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அச்சிடப்பட்ட பெயர்ப் பக்கத்தை நிறுத்திவைக்கிறது. எம்எக்ஸ் என்பது கோப்பு அளவின் உச்சவரம்பு. அதற்குச் சுழியம் என்று மதிப்பளித்தால் வரம்பு நீங்குகிறது. படங்கள் நிறைந்த இன்றைய ஆவணங்களுக்கு இந்தப் புலம் இன்றியமையாதது.

ஸ்பூல் அடைவு, டீமன் என்ற பயனர் கணக்கின் உடைமையாக, பிறர் நுழைய முடியாத 770 என்ற அனுமதி எண்ணுடன் உருவாக்கப்பட வேண்டும். டீமன் என்பது பின்னணியில் இடைவிடாது இயங்கும் நிரல்களுக்கு யூனிக்ஸ் மரபு தரும் பொதுப் பெயர். செக்பிரிண்ட்கேப் என்ற கட்டளை பதிவில் உள்ள பிழைகளைச் சுட்டுவதுடன், கேட்டுக்கொண்டால் விடுபட்ட அடைவுகளையும் தானே உருவாக்கித் தரும். இறுதியாக, ஆர்சி டாட் கான்ஃப் கோப்பில் எல்பிடி தொடங்கப்பட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சேவையைத் தொடங்கினால், எல்பிஆர் கட்டளையால் அச்சிடலாம். எல்பிக்யூ வரிசையைக் காட்டும். எல்பிஆர்எம் வேலையை நீக்கும். எல்பிசி வரிசை முழுவதையும் நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் உதவும். பிற கணினிகளிடமிருந்து வேலைகளைப் பெறத் தேவையில்லாத நிலையில், எல்பிடியை எஸ் என்ற விருப்பத்துடன் தொடங்கினால் அது வலையமைப்புக்குத் தன் கதவைத் திறப்பதில்லை. பாதுகாப்புக் கருதி இதுவே விரும்பத்தக்கது. அதே காரணத்தால், யார் இணைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் 9100 போர்ட் கொண்ட அச்சுப்பொறியைப் பொது இணையத்திலிருந்து எட்டும்படி ஒருபோதும் விடலாகாது.

மாடிப்படி வரிகளும் வடிகட்டியும்

அமைப்பு முடிந்தபின் உரைக்கோப்பு ஒன்றை அனுப்பினால், முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே இரண்டாம் வரி தொடங்கி, எழுத்துகள் மாடிப்படிபோல் வலப்புறம் சரிந்து, தாளின் விளிம்புக்கு வெளியே மறைவதைக் காணலாம். யூனிக்ஸ், வரியின் முடிவைக் குறிக்க, அடுத்த வரிக்கு இறங்கு என்று பொருள்படும் 10 என்ற ஒரே குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அச்சுப்பொறியோ, இடது ஓரத்துக்குத் திரும்பு என்னும் 13 என்ற குறியீடும் உடன் வரும் என்று எதிர்பார்க்கிறது. இரு தரப்பிலும் பழுது இல்லை. வழி சரியாக இருந்தும் மொழியில் ஒரு குறி ஒத்துப்போகாததன் விளைவே இது.

இத்தகைய வேறுபாடுகளைத் தீர்ப்பதற்காகவே பிரிண்ட்கேப் பதிவில் ஐஎஃப் என்ற புலம் உள்ளது. வரிசையிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு கோப்பும் அச்சுப்பொறிக்குச் செல்லுமுன், இப்புலத்தில் பெயரிடப்பட்ட வடிகட்டி நிரலின் வழியாகச் செலுத்தப்படுகிறது. சில வரிகளே கொண்ட ஒரு ஷெல் நிரல் இதற்குப் போதும்: கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் விழுக்காட்டுக் குறியும் வியப்புக்குறியுமாக இருந்தால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட், விழுக்காட்டுக் குறியைத் தொடர்ந்து பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகள் வந்தால் அது பிடிஎஃப், இரண்டும் இல்லையெனில் வெறும் உரை எனக் கொண்டு, விடுபட்ட 13 என்ற குறியீட்டைச் சேர்த்து அனுப்பலாம்.

அச்சுப்பொறிக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாமல் பிசிஎல் மட்டுமே தெரிந்திருந்தால், வடிகட்டி அக்கோப்பைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைக்கிறது. பீட்டர் டாய்ச் 1988இல் வெளியிட்ட இம்மென்பொருள், விலையுயர்ந்த அச்சுப்பொறிகளுக்குள் மட்டுமே இருந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் பொருள்விளக்கியை எந்தக் கணினியிலும் இயங்கும் நிரலாக மாற்றியது. பிடிஎஃப் கோப்புகளையும் படிக்கும் அது, பக்கத்தைப் புள்ளிகளாக்கி, எச்பி லேசர்ஜெட் 4 புரிந்துகொள்ளும் பிசிஎல் போன்ற பல வடிவங்களில் வெளியிடும். லேசர்ரைட்டரின் விலையை உயர்த்திய அதே கணிப்பு வேலையை, இன்றைய கணினி ஒரு பின்னணிப் பணியாக நொடிகளில் முடித்துவிடுகிறது.

தமிழ் எழுத்தும் அச்சுப்பொறியும்

மேற்சொன்ன உரைவழி, தமிழ்க் கோப்புகளுக்குப் பயன்படாது. அச்சுப்பொறியினுள் பதிந்துள்ள எழுத்துருக்கள் இலத்தீன் எழுத்துகளை மனத்தில் கொண்டு அமைந்தவை. ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்பது அவற்றின் கணக்கு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால், தமிழ் உரையை நேராக அனுப்பினால் தொடர்பற்ற குறிகளே தாளில் வரும். பைட்டுகளைச் சரியாகப் படித்தாலும் வேலை முடிவதில்லை: கோ என்ற எழுத்து, க, ஓகாரக் குறி என்ற இரண்டு குறியீடுகளாகவே கோப்பில் இருக்க, தாளில் இரட்டைக் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து மூன்று வடிவங்களாக வரவேண்டும். இந்த வடிவமைப்பைக் கணினியில் ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்கள் செய்து, எழுத்துருவையும் உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது, அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. வளைவுகளை வரையத் தெரிந்திருந்தால் போதும். எழுத்தையும் ஒரு வரைபடமாகவே கருதிய போஸ்ட்ஸ்கிரிப்டின் அடிப்படை எண்ணம், உலகின் எல்லா எழுத்துமுறைகளுக்கும் செய்த பெரும் நன்மை இது.

கப்ஸ்: தானே விடை சொல்லும் அச்சுப்பொறி

பல அச்சுப்பொறிகளும், இருபுற அச்சு, தாள்தட்டுத் தேர்வு போன்ற வசதிகளும் தேவைப்படுவோர், எல்பிடிக்கு மாற்றாகக் கப்ஸ் என்ற தொகுதியை நிறுவிக்கொள்கின்றனர். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999இல் வெளியான இது, 2002இல் ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலும் இடம்பெற்று, இன்று யூனிக்ஸ் மரபின் பெரும்பகுதிக்கும் பொதுவான அச்சு அமைப்பாக விளங்குகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் இதை நிறுவும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கப்ஸும் எல்பிஆர் என்ற பெயரிலேயே ஒரு கட்டளையைத் தருவதால், அடிப்படை நிறுவலின் பழைய எல்பிஆர் தேடுவரிசையில் முன்னால் இருந்தால், வேலை கப்ஸை அடையாமல் எல்பிடியின் வெற்று வரிசைக்குப் போய்விடும். முழுப் பாதையையும் குறிப்பிட்டோ, தேடுவரிசையை மாற்றியோ இதைத் தவிர்க்கலாம்.

கப்ஸ் தன் முதல் வெளியீட்டிலிருந்தே ஐபிபியை முதுகெலும்பாகக் கொண்டது. அச்சுப்பொறி நிறுவனங்கள் சேர்ந்த பிரிண்டர் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 2013இல் ஐபிபி எவ்ரிவேர் என்ற தரத்தை வெளியிட்டபோது, இந்த வளர்ச்சி நிறைவை நெருங்கியது. இத்தரத்தைப் பின்பற்றும் அச்சுப்பொறி, தன் இருப்பை வலையமைப்பில் தானே அறிவிக்கிறது. கேட்டால் தன் திறன்களைச் சொல்கிறது. வெளியிடப்பட்ட, எவரும் உருவாக்கக்கூடிய புள்ளிவடிவம் ஒன்றையேனும் ஏற்றுக்கொள்கிறது. கணினியே பக்கத்தைப் புள்ளிகளாக்கித் தரும் மலிவான முறை இங்கேயும் இருக்கிறது; ஆனால் புள்ளிகளைப் பொதியும் வடிவம் மறைக்கப்படாததால், டிரைவர் என்ற ஒன்றே தேவையற்றதாகிறது. கைப்பேசிகளிலிருந்து அச்சிடும் தேவையே நிறுவனங்களை இத்திசையில் விரைவுபடுத்தியது என்றாலும், அதன் பயன் சிறிய இயங்குதளங்களுக்கும் முழுமையாகக் கிடைத்திருக்கிறது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. ஓர் இயங்குதளத்தில் அச்சிட முடிவதும் முடியாததும், அதைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படுவதில்லை. அச்சுப்பொறி பேசும் மொழி பொதுவில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா என்பதாலேயே தீர்மானிக்கப்படுகிறது. 1983இல் வகுக்கப்பட்ட பிரிண்ட்கேப் பதிவின் வழியாக இன்று வாங்கிய லேசர் அச்சுப்பொறியும் இயங்குவது அதற்குச் சான்று. உற்பத்தி நிறுவனம் டிரைவரைப் புதுப்பிக்க மறுத்ததால், நல்ல நிலையில் உள்ள அச்சுப்பொறி பெரும்பான்மை இயங்குதளத்திலேயே பயனற்றுப் போவது அதன் மறுபக்கச் சான்று. எனவே லேசர் அச்சுப்பொறி வாங்குவோர், எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்தினாலும், நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்ற எண்ணைப் பார்க்குமுன், விவரப் பட்டியலில் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல், ஐபிபி எவ்ரிவேர் ஆகியவற்றில் ஒன்றேனும் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே அறிவுடைமை.